வயர் ரோப் ரெய்லிங்: தொய்வு, சாய்வு, கறை, நழுவல் – அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

பால்கனிக்கோ மாடிப்படிக்கோ தடுப்பாகக் கம்பங்களுக்கு இடையே இழுத்துக் கட்டும் வயர் ரோப் (எஃகுக் கயிறு) வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ தாங்கும்?" என்பதுதான். வீட்டு ரெய்லிங்கில் அந்தக் கேள்வி அதிகம் உதவாது. 3 மி.மீ. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கயிறு அறுபடச் சுமார் 700 கிலோ விசை வேண்டும். ரெய்லிங்கில் அதற்குக் கொடுக்கும் இழுவிசையோ 100 கிலோவை ஒட்டித்தான். கயிறு அறுந்து கெட்டுப்போன ரெய்லிங் அபூர்வம். தொய்வு, சாய்ந்த கம்பம், விரிந்துபோன முறுக்கு, முனையில் நழுவல், பழுப்புக் கறை ஆகியவைதான் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள். அவற்றில் பாதிக்கு மேல் கயிற்றின் குற்றமே அல்ல, கம்பத்தின் குற்றம்.

எதையும் கழற்றுவதற்கு முன் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கயிற்றின் கட்டுமானம். வெட்டிய முனையைப் பாருங்கள். தடித்த இழைகள் பத்தொன்பது ஒரே கட்டாக, தொட்டால் கம்பிபோல் வழவழப்பாக இருந்தால் அது 1×19. ஏழு புரிகள், ஒவ்வொன்றிலும் ஏழு இழைகள் என்றால் 7×7. தலைமுடிபோல் மெல்லிய இழைகள் நூற்றுக்கு மேல் இருந்து, கையில் எளிதாக வளைந்தால் 7×19. இரண்டாவது, விட்டம். வெர்னியரை (விட்டம் அளக்கும் கருவி) மேடு தொட்டு மேடு வரை வைத்து அளக்க வேண்டும். புரிகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் வைத்தால் அளவு குறைத்துக் காட்டும். மூன்றாவது, கம்பத்துக்குக் கம்பம் உள்ள தூரம். நான்காவது, இப்போதுள்ள இழுவிசை.

இழுவிசையை அளக்க டென்ஷன் கேஜ் இல்லையென்றால் ஐந்து லிட்டர் தண்ணீர் போதும். இரண்டு கம்பங்களுக்கு நடுவில், கயிற்றின் சரிபாதியில் ஒரு கொக்கியை மாட்டி 5 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். எடை கீழே உள்ள கயிறுகளைத் தொடக்கூடாது. நடுப்பகுதி எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று அளந்து, கம்ப இடைவெளியை (மி.மீ.) 1.25ஆல் பெருக்கி அந்த இறக்கத்தால் வகுத்தால் இழுவிசை கிலோவில் கிடைக்கும். 1200 மி.மீ. இடைவெளியில் 15 மி.மீ. இறங்கினால் 100 கிலோ, 30 மி.மீ. இறங்கினால் 50 கிலோதான். எடை தொங்கும்போது கயிறு கொஞ்சம் நீண்டு கூடுதலாக இறுகுவதால் உண்மையான இழுவிசை இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். கயிறுகளை ஒன்றோடொன்று ஒப்பிட இந்தத் துல்லியம் தாராளம்.

அறிகுறி: கையால் அழுத்தினால் இரண்டு கயிறுகள் எளிதாக விலகுகின்றன

இதுதான் முக்கியமான பாதுகாப்புக் கோளாறு. குழந்தையின் தலை நுழையாதிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இடைவெளி விதியே இருக்கிறது. அமெரிக்க வீட்டுக் கட்டட விதியில் 4 அங்குல விட்டமுள்ள பந்து நுழையக்கூடாது; ஆஸ்திரேலியாவில் அதே சோதனை 125 மி.மீ. பந்துக்கு. உங்கள் ஊர் விதி எந்த அளவைச் சொல்கிறதோ, அதைக் கயிறு சும்மா நிற்கும்போது மட்டும் அல்ல, தள்ளிப் பார்க்கும்போதும் காக்க வேண்டும்.

ஒரு கணக்கு. 3 மி.மீ. கயிறுகள் 80 மி.மீ.க்கு ஒன்றாக இருக்கின்றன. நடுவில் வெற்றிடம் 77 மி.மீ. 100 மி.மீ. பந்து நுழைய ஒவ்வொரு கயிறும் 11.5 மி.மீ. விலகினால் போதும். 100 கிலோ இழுவிசை, 1200 மி.மீ. கம்ப இடைவெளி என்றால், அதற்கு ஒவ்வொரு கயிற்றுக்கும் வேண்டிய விசை 4 கிலோ கூட இல்லை. கம்ப இடைவெளி 1800 ஆனால் இரண்டரை கிலோவே போதும். 900 ஆக்கினால் 5 கிலோவைத் தாண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது: இந்தக் கணக்கில் கயிற்றின் தடிமன் வரவே இல்லை. விலகலைத் தீர்மானிப்பவை இழுவிசையும் கம்ப இடைவெளியும்தான். 3 மி.மீ. தொய்கிறது என்று 4 மி.மீ. வாங்கி அதே 50 கிலோவில் கட்டினால் அதே தொய்வுதான் இருக்கும். பணம் செலவழிக்க வேண்டிய இடம் கயிறு அல்ல.

சரிசெய்யும் வரிசை இப்படி இருக்கட்டும். 5 கிலோ சோதனையில் இழுவிசை 80 கிலோவுக்குக் கீழே தெரிந்தால் முதலில் இறுக்கிப் பாருங்கள். நடுக்கயிற்றில் தொடங்கி, மேலே ஒன்று, கீழே ஒன்று என மாறிமாறி வெளிப்பக்கம் செல்லுங்கள். ஒரே சுற்றில் முழுதாக இறுக்காமல் மூன்று சுற்றாக இறுக்குங்கள். 100 கிலோ வந்த பிறகும் விலகினால் கம்ப இடைவெளி அதிகம் என்று பொருள். 1200 மி.மீ.க்கு மேல் இருக்கும் இடங்களில் நடுவே ஒரு ஸ்பேசர் பட்டை போடுங்கள். 6 மி.மீ. தடிமனுள்ள தட்டைப் பட்டையில் துளையிட்டுக் கயிறுகளை ஊடுருவவிட்டு, தரையிலும் மேல்கைப்பிடியிலும் பிடித்தால் போதும். அது பாரம் தாங்க வேண்டியதில்லை, கயிறுகளைத் தத்தம் இடத்தில் நிறுத்தினால் சரி. இடைவெளி பாதியாகும், விலக்கத் தேவையான விசை இரட்டிப்பாகும். இதற்கு மாற்றாக 150 கிலோவுக்கு இறுக்கலாம் என்று தோன்றும். அடுத்த அறிகுறியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அறிகுறி: ஒரு கயிற்றை இறுக்கினால் மற்றவை தளர்கின்றன; முனைக்கம்பம் உள்பக்கம் சாய்கிறது

நடுக்கம்பங்களில் கயிறு இருபக்கமும் சமமாக இழுப்பதால் அவற்றுக்குப் பாரம் குறைவு. முழு இழுப்பும் இரண்டு முனைக்கம்பங்களில்தான். பத்துக் கயிறு, ஒவ்வொன்றும் 100 கிலோ என்றால் ஒரு டன்.

ஒரு மீட்டர் உயரமுள்ள 50×50×3 மி.மீ. இரும்புப் பெட்டிக் குழாயை அடியில் மட்டும் பிடித்து நிறுத்தி இந்த ஒரு டன்னைப் பரவலாக ஏற்றினால், தலைப்பகுதி 30 மி.மீ.க்கு மேல் சாய வேண்டும். அடிப்பகுதியில் ஏற்படும் தகைவு சாதாரண இரும்பின் வளையும் எல்லையையே தாண்டிவிடும், அதாவது கம்பம் நிரந்தரமாக வளைந்துவிடும். அதே குழாயின் தலையை அசையாத மேல்கைப்பிடி முட்டுக் கொடுத்துத் தாங்கினால் வளைவு ஒன்றரை மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். வயர் ரோப் ரெய்லிங்கில் மேல்கைப்பிடி வெறும் கைப்பிடி அல்ல. இரு முனைக்கம்பங்களும் நெருங்கிவிடாமல் நடுவில் நின்று தள்ளும் முட்டு அது.

ஆகவே முதலில் மேல்கைப்பிடி முனைக்கம்பத்தோடு எப்படிச் சேர்கிறது என்று பாருங்கள். பக்கவாட்டில் சிறு எல்-கிளாம்பும் இரண்டு ஸ்க்ரூவுமாக இருந்தால் அந்த இணைப்பு இழுப்பில் நகரும். குழாய் கம்பத்தின் முகத்தில் நேராக முட்டி, வெல்டோ போல்ட்டோ செய்திருக்க வேண்டும். கைப்பிடி நடுவில் துண்டுகளாகச் சேர்ந்திருந்தால் இணைப்பில் வெற்றிடம் இருக்கக்கூடாது. அடுத்து அடித்தகடு: இறுக்கும்போது தகட்டின் வெளி ஓரம் தரையிலிருந்து தூக்குகிறதா என்று மெல்லிய ஃபீலர் தகட்டைச் செருகிப் பாருங்கள். நுழைந்தால் ஆங்கர் போல்ட் விடுகிறது. டைல்ஸ் மேல் தகடு வைத்து, ஆங்கர் டைல்ஸையும் அதன் அடிக்கலவையையும் தாண்டிக் காங்கிரீட்டில் போதிய ஆழம் இறங்காத இடங்களில் இது வழக்கமாக நடக்கும். அதற்குப் பெரிய நட்டு உதவாது. ஆழமான துளையும் கெமிக்கல் ஆங்கரும் (துளைக்குள் பசையிட்டுப் பதிப்பது) வேண்டும்.

மூலையிலும் இதே பிரச்சினைதான். ஒரே கம்பத்தில் இரண்டு திசைக் கயிறுகளும் முடிந்தால் கம்பம் மூலைவிட்டமாக உள்ளே சாயும். சுமார் 100 மி.மீ. விட்டு இரண்டு கம்பங்களை நிறுத்தி, ஒவ்வொரு திசையும் தனித்தனியே முடிவதுதான் நல்லது. 1×19 கயிற்றைக் கம்ப மூலையில் 90 டிகிரிக்கு மடித்துக் கொண்டுபோகக்கூடாது. மடிந்த இடத்தில் நிரந்தர முறிவு விழும். அதைத் தாண்டி இழுவிசை அடுத்த பக்கத்துக்குச் சரியாகப் போகவும் போகாது.

அறிகுறி: இறுக்கிச் சில வாரத்தில் தளர்ந்துவிட்டது, அல்லது மதிய வெயிலில் மட்டும் தளர்கிறது

இரண்டும் வேறு வேறு. முதலாவது, புதுக் கயிற்றின் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று அமர்வதால் வருவது. 1×19இல் இது குறைவு, 7×7இல் அதிகம், 7×19இல் மிக அதிகம். கட்டிய மூன்று நான்கு வாரத்தில் ஒருமுறை இறுக்குவதைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது டர்ன்பக்கிளில் (திருப்பிக் கயிற்றை இறுக்கும் மரைக் கருவி) மரை மிச்சம் இருக்க வேண்டும். 3 மி.மீ. 1×19 கயிறு 100 கிலோவில் மீட்டருக்குச் சுமார் 1.7 மி.மீ. நீளும். 7×7, 7×19 இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். 6 மீட்டர் ஓட்டத்துக்கு 1×19இல் 10 மி.மீ., 7×19இல் 30 மி.மீ. வரை மரை இதற்கே போய்விடும். மரக் கம்பமாக இருந்தால் மரம் காய்ந்து சுருங்குவதும், வாஷர் மரத்தில் அமிழ்வதும் இதோடு சேரும். அகலமான வாஷர் போடுங்கள்.

இரண்டாவது வெப்பம். 30 டிகிரி சூடேறும்போது, கம்பங்கள் அசையாமல் நின்றால், 3 மி.மீ. 1×19 கயிற்றின் இழுவிசையில் 25 கிலோவுக்கு மேல் குறையும். நீளம் 3 மீட்டரோ 12 மீட்டரோ, குறைவு ஒன்றேதான். 4 மி.மீ. கயிற்றில் இந்தக் குறைவு 50 கிலோவை நெருங்கும், ஏனென்றால் தடித்த கயிறு விறைப்பு அதிகமுள்ளது. வெயில் நேரடியாக விழும் பால்கனியில் தடித்த கயிறு போட்டவர்கள் மதியம் தொய்வதைப் பார்த்துக் குழம்புவது இதனால்தான். இறுக்குவதைக் காலையில் குளிர்ந்த நேரத்தில் செய்தால் மதியத்துக்காகக் கூடுதலாக 20, 25 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் 100 கிலோ வைத்துக் கட்டினால் குளிர்காலத்தில் முனைக்கம்பத்தின் மேல் பாரம் அதற்கு மேலே ஏறும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அறிகுறி: டர்ன்பக்கிளைத் திருப்பினால் கயிறே சுற்றுகிறது, கயிறு கூடைபோல் உப்புகிறது

முனையைப் பிடித்துக்கொள்ளாமல் திருப்பியதன் விளைவு. கயிறு தன் முறுக்குக்கு எதிராகச் சுற்றினால் வெளி இழைகள் விரியும். விரிந்தது கொஞ்சம் என்றால் இழுவிசையைத் தளர்த்தி, முறுக்கின் திசையிலேயே திருப்பிவிட்டால் அமர்ந்துவிடும். ஒருமுறை உப்பி மடிந்த இடம் மீளாது. அந்தக் கயிற்றை மாற்றுங்கள். இனி இறுக்கும்போது ஸ்வேஜ் முனையில் (கயிற்றின் மேல் அழுத்திப் பொருத்திய உலோக முனை) உள்ள தட்டைப் பகுதியை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஸ்பேனரால் டர்ன்பக்கிளின் உடலை மட்டும் திருப்ப வேண்டும். கயிற்றையே பிளையரால் பிடிக்கக்கூடாது.

அறிகுறி: நட் பாதியில் சிக்கிவிட்டது, முன்னும் போகாது, பின்னும் வராது

எஸ்.எஸ். மரைகள் உராய்வில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பவர் டூலால் வேகமாக ஏற்றியதும் மரையில் இருந்த மணலுமே பெரும்பாலும் காரணம். அப்படி ஒட்டியதை விடுவிக்க வழி அரிது, நட்டை வெட்டியே எடுக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் பக்கத்துக் கயிறுகளை மூடி, சிக்கிய கயிற்றின் மறுமுனையில் இழுவிசையைத் தளர்த்துங்கள். இறுக்கத்தில் இருக்கும் கயிற்றை வெட்டினால் முனை முகத்துக்குப் பாயும். புதிதாகப் போடும்போது மரையைத் துடைத்து, நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பேஸ்ட் (மரை ஒட்டாமல் காப்பது) தடவி, கையாலேயே மெதுவாகத் திருப்புங்கள்.

அறிகுறி: கயிறு முனையிலிருந்து நழுவுகிறது

ஸ்வேஜ் முனைக்குள் கயிறு முழு ஆழம் போகவில்லை, அல்லது அழுத்தம் போதவில்லை, அல்லது முனையின் துளை அளவு கயிற்றுக்குப் பொருந்தவில்லை. 3 மி.மீ., 3.2 மி.மீ. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும். முனைக்கும் டைக்கும் (முனையை அழுத்தும் அச்சு) அவை வேறு வேறு. கயிற்றையும் முனையையும் ஒரே அளவுக் குறியீட்டில் வாங்குங்கள்.

முனைக் குழாயின் உள் ஆழத்தை மெல்லிய கம்பியால் அளந்து, அதே நீளத்தைக் கயிற்றில் மார்க்கரால் குறியுங்கள். குறி மறையும் வரை செருகி, ஹைட்ராலிக் அழுத்தியால் தயாரிப்பாளர் சொன்ன எண்ணிக்கையில் அழுத்துங்கள். பிறகு முனையின் வாயை ஒட்டிக் கயிற்றில் புதிதாக ஒரு கோடு போட்டு, இழுவிசை ஏற்றிய மறுநாள் பாருங்கள். கோடு ஒரு மி.மீ. வெளியே வந்திருந்தாலும் அந்த முனையை நம்ப வேண்டாம். மறுபடி அதன் மேலேயே அழுத்துவது தீர்வு அல்ல. வெட்டிப் புது முனை போட வேண்டும். அலுமினியக் கிளிப்பை எஸ்.எஸ். கயிற்றில், வெளியில், போடாதீர்கள். ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கப்பட்டுப் பிடி போய்விடும்.

அறிகுறி: பழுப்புக் கறை

304, 316 என்பவை எஸ்.எஸ். வகைகள். 316 ஸ்டீலும் கறை பிடிக்கும். அதில் உள்ள 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் 304ஐவிட உப்பைத் தாங்க உதவுகிறது, அவ்வளவே. கடற்காற்று படும் இடத்தில் 304 வாங்கவே வேண்டாம். கறை எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்துக் காரணம் சொல்லலாம்.

நீளவாக்கில் சீராக, தேநீர் நிறத்தில் இருந்தால் உப்புப் படிவு. மழை படாத, கூரைக்கு அடியில் உள்ள கயிறுகளில்தான் இது அதிகம். மழை கழுவிவிடும் கயிறு சுத்தமாக இருக்கும். சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும், பலம் குறைவதில்லை. புள்ளிபுள்ளியாக, ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பக்கத்தில் யாரோ இரும்பைக் கிரைண்டரில் அறுத்திருக்கிறார்கள். பறந்த இரும்புத் தூள்தான் துருப்பிடிக்கிறது. சிட்ரிக் அமிலக் கிளீனரால் தூளை நீக்குங்கள். ஸ்டீல் வுல் கொண்டு தேய்த்தால் இன்னும் இரும்பைப் பூசுகிறீர்கள். கீழ் இரண்டு மூன்று கயிறுகள் மட்டும் கறுத்துக் குழிவிழுந்திருந்தால் டைல்ஸ் கழுவிய ஆசிட்டைச் சந்தேகியுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பிளீச்சும் எஸ்.எஸ்ஸுக்குப் பரம எதிரி. குழி விழுந்தது மாற்ற வேண்டியது.

முனையின் வாயில் மட்டும் கறை கசிந்தால் உள்ளே தண்ணீர் தேங்குகிறது. மெல்லிய இழைகள் அதிகமுள்ள கயிற்றில் இது விரைவாகக் கெடும்: 3 மி.மீ. 1×19இல் ஓர் இழை சுமார் 0.6 மி.மீ., 7×7இல் 0.33, 7×19இல் 0.2 மி.மீ.தான். அதே அரிப்பு மெல்லிய இழையைத் தின்று தீர்க்கும். வெளிப்புற ரெய்லிங்குக்கு 1×19ஐ முதலில் சொல்வதன் காரணங்களில் இதுவும் ஒன்று. பிளாஸ்டிக் உறை போட்ட கயிறு பார்க்க அழகு, ஆனால் உறைக்குள் நடப்பது தெரியாது.

காந்தம் ஒட்டுகிறதே, அப்படியானால் போலியா என்றால், அந்தச் சோதனை கயிற்றுக்குப் பொருந்தாது. இழுத்து மெலிதாக்கும்போது 304 கம்பி லேசாகக் காந்தத்தன்மை பெறும். 316ஐ உறுதிசெய்ய மாலிப்டினம் சோதனைத் திரவத்தின் ஒரு துளி வேண்டும்.

மூடிய நீச்சல்குளக் கூடம் மட்டும் தனி வகை. 1985இல் சுவிட்சர்லாந்தின் உஸ்டரில், எஸ்.எஸ். கம்பிகளில் தொங்கிய நீச்சல்குளக் கூரை இடிந்து 12 பேர் இறந்தார்கள். இழுவிசையில் இருக்கும் ஸ்டீலைக் குளோரின் கலந்த காற்று வெளியே தெரியாமல் விரிசலாக்கும். அந்த மாதிரி இடத்தில் 304ஓ 316ஓ எந்தக் கயிற்றையும் பொறியாளரைக் கேட்காமல் போடாதீர்கள்.

அறிகுறி: நடுக்கம்பத் துளையில் வெள்ளைப் பொடி, பெயின்ட் பொங்குதல், அல்லது கயிறு தேய்தல்

அலுமினியக் கம்பத்தையோ கால்வனைஸ் கம்பத்தையோ எஸ்.எஸ். நேரடியாகத் தொட்டால் கம்பம்தான் அரிக்கும். ஒவ்வொரு துளைக்கும் இரு பக்கமும் நைலான் குரோமெட் (துளை ஓரத்தை மூடும் வளையம்) செருகுங்கள். படிக்கட்டில் கயிறு சாய்வாகப் போவதால் நேர்த்துளையின் ஓரம் கத்திபோல் உரசும். துளையையே படிச் சாய்வுக்குப் போட வேண்டும். படிச் சாய்வில் கயிறுகளின் இடைவெளியையும் செங்குத்தாக அல்ல, கயிற்றுக்குக் குறுக்கே அளக்க வேண்டும்.

அறிகுறி: குழந்தை ஏணிபோல் ஏறுகிறது

படுக்கைவாட்டுக் கயிறு ஏறக்கூடியதுதான். இறுக்கினால் ஏறுவது இன்னும் சுலபம். ஆஸ்திரேலிய விதி, தரை நான்கு மீட்டருக்கு மேல் உயரமானால், தளத்திலிருந்து 150 முதல் 760 மி.மீ. வரை ஏற உதவும் படுக்கைவாட்டுப் பகுதிகளைத் தடுக்கிறது. சிறு குழந்தை உள்ள வீட்டில் செங்குத்துக் கயிறுகளே என் தேர்வு. அப்போது கயிறுகளின் இழுப்பு கைப்பிடிக் குழாயைக் கீழே வளைக்கும், அடிப்பட்டையை மேலே தூக்கும். இரண்டும் அதற்கேற்பத் தடிமனாக வேண்டும்.

அறிகுறி: ஓர் இழை அறுந்து முள்ளாக நிற்கிறது

வெட்டித் தேய்த்து விட்டுவிடாதீர்கள். 1×19இல் ஓர் இழை போனால் பத்தொன்பதில் ஒரு பங்கு போயிற்று; அது முனை வாயில் அறுந்திருந்தால் பக்கத்து இழைகளும் அதே வளைவில்தான் களைத்திருக்கும். கயிற்றை மாற்றுங்கள்.

மாற்றுவதற்கான அளவு எடுக்க ஓர் உதாரணம்: தளத்திலிருந்து கைப்பிடியின் அடிப்பாகம் வரை 920 மி.மீ., ஓட்டம் 6 மீட்டர், கம்பம் 1.2 மீட்டருக்கு ஒன்று. 80 மி.மீ.க்கு மேல் போகாதிருக்க 12 இடைவெளிகள், அதாவது 11 கயிறு. ஒவ்வொன்றுக்கும் 300 மி.மீ. கூடுதல் வைத்து 70 மீட்டர். முனைகள் 22, நான்கு நடுக்கம்பங்களில் 44 துளைகள், 88 குரோமெட். இரண்டு முனைகள் பாழாகலாம் என்று 24ஆக வாங்குங்கள். கயிற்றை வெட்டும் இடத்தில் முதலில் இறுக்கமாக டேப் சுற்றி, டேப்பின் நடுவில் வயர் கட்டரால் வெட்டுங்கள். சாதாரண பிளையரால் வெட்டினால் முனை தட்டையாகி ஸ்வேஜுக்குள் நுழையாது. முனைக்கம்பங்கள் துல்லியமாக நேராக நிற்பதில்லை என்பதால் 11 கயிற்றையும் ஒரே நீளத்துக்கு வெட்டாமல், ஒவ்வொன்றையும் அதனதன் துளையிலிருந்து துளைக்கு அளந்து, டர்ன்பக்கிள் மரை பாதிக்கு மேல் திறந்திருக்கும் நிலையில் வெட்டுங்கள்.